பட்டறை வாசல்



கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794-ஆம் ஆண்டில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. அங்கே பெண்கள் மாணவியராய்க் காலடி எடுத்து வைக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. முதலில் சென்றவர் லலிதா. பதினைந்தாம் வயதில் மணம். பதினெட்டாம் வயதில், கைக்குழந்தையோடு கைம்மை. அக்காலக் கைம்பெண்ணுக்குப் பின்கட்டே உலகம் என்பதைக் கதைகளிலேனும் படித்திருப்பீர்கள். அவர் தந்தை சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். மகளுக்காக அவர் முதல்வரிடம் கேட்டார், கதவு திறந்தது. திரேசியாவும் லீலம்மாவும் பின்னே வந்தனர். பட்டச் சான்றிதழில் ஆண்பாலாக அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம்!

பக்ரா நங்கல் அணையின் மின்தடங்களை வடிவமைத்ததில் லலிதாவுக்குப் பங்குண்டு. திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஆயினும் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றாரே, அதைத்தான். மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு என்று வரைபடத்தில் எழுதிவிடுவது எளிது. இரும்பை அரத்தால் அராவி, மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கசியும் ஒளிக்கீற்றைப் பார்த்தவர்களுக்கே அந்த அளவு இன்னதென்று விளங்கும்.

இதை வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவி எழுந்தாள். நான் அப்போது பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் ஆசிரியை. "அம்மா, அவருடைய தந்தை பேராசிரியர். என் அப்பா தறி நெய்பவர். எனக்காக யார் போய்க் கேட்பார்கள்?" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவளுக்குப் பயிற்சியிடம் வேண்டி நானே மூன்று தொழிற்சாலைகளுக்கு எழுதினேன். ஒன்று, இரவு முறை உண்டென்று மறுத்தது. இரவில் பெண்கள் ஆலைகளில் பணிபுரிவதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்திருந்தது. 2000-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடை செல்லாதென்றது. பகலிற் பயில வருபவளுக்கும் அது ஒரு சாக்காயிற்று. இரண்டாவது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றது. நாலு சுவரும் ஒரு கதவும் இல்லாமையால் ஒரு பெண்ணின் தொழில் நின்றுபோவதா என்று எனக்குச் சினம் மூண்டது. மூன்றாவது, "வரலாம், அலுவலகக் கழிப்பறையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்" என்று எழுதியது.

ஆறு மாதம் நாள்தோறும் அந்தச் சாவியைக் கேட்க அவள் கூசினாளா என்று நான் வினவவில்லை. பயிற்சி முடிந்து வந்தவள் வலக்கையை விரித்துக் காட்டினாள். அரத்தின் பிடி பட்டு உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.