செல்ஃப் இறங்க மறுத்தால்



செலாயாங் பசார் போரோங் மொத்தச் சந்தையில் ஊர் உறங்கும் நேரத்தில்தான் வேலை சூடுபிடிக்கும். கேமரன் மலையிலிருந்து இறங்கிய முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் சிறு கடைக்காரர்களின் வேன்கள் கிளம்பியாக வேண்டும். அவற்றில் பழைய நிசான் வேனட்டுகளை இன்னமும் பார்க்கலாம். செகாம்புட் ஆலையில் பூட்டப்பட்டு, இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்ட வண்டி அது.

அப்படியொரு வேனில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரே சத்தம். அதோடு சரி. தமிழ்நாட்டில் இதைத்தான் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்கிறார்கள். 1912இல் காடிலாக் காரில் சார்ல்ஸ் கெட்டரிங் பொருத்திய கருவி, கைப்பிடி போட்டுச் சுற்றாமல் இன்ஜினைத் தானே இயங்கவைத்ததால் வந்த பெயர் அது. நாம் இங்கே ஸ்டார்ட்டர் என்கிறோம்.

உடனே கழற்றப் போகாதீர்கள். பேட்டரி முனைகளில் பூஞ்சை பிடித்ததுபோல் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் சிக்கி நிற்கும். சாவியை எடுத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, வேனை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளில் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் வேனின் உடலையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கையிலுள்ள மோதிரமே பழுத்துவிடும். வேனுக்கு அடியில் படுப்பதானால் ஜாக்கை மட்டும் நம்பவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும்.

போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவை கழன்றுவிடும். அதற்குப் பிறகும் ஸ்டார்ட்டர் அசையாமல் நிற்கும்போதுதான் ஆத்திரம் வரும்.

எனக்கும் வந்தது. இளவயதில் ஒரு காய்கறிக்காரரின் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, திருப்புளியை இடுக்கில் செருகிச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். கியர்பாக்ஸ் கவசத்தின் காது உடைந்தது. அந்தக் கவசத்தை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியதாயிற்று. அத்தனை நாளும் அவர் வாடகை வண்டியில் சரக்கு ஏற்றினார். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் குறுகுகிறது.

நான் வேலை செய்த பட்டறையில் இருந்த மூத்த ஃபோர்மன்தான் காரணத்தைக் காட்டினார். அந்த வேனின் ஸ்டார்ட்டர் முகப்பு வார்ப்பிரும்பு. அது நுழைந்திருக்கும் கவசமோ அலுமினியம். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் மழைநீர் தங்கினால் அலுமினியம் அரிக்கும். அரித்தபின் வரும் வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். நம் ஊர் மழைக்கு இது பழக்கமான சங்கதி.

"இழுக்காதே தம்பி, திருப்பு" என்றார். கொதிநீரில் நனைத்த துணியைக் கவசத்தின் மேல் சுற்றினார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் தீயைக் கொண்டுபோகவே கூடாது. பிறகு மரக்கட்டையை முகப்பின் ஓரத்தில் வைத்து, இடமும் வலமுமாக மெல்லத் தட்டினார். கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பியது. எண்ணெய், மறுபடி தட்டல். அரைமணி நேரத்தில் முழு ஸ்டார்ட்டரும் அவர் உள்ளங்கையில் இறங்கியது. கனமான பொருள், கீழே ஒரு கை தாங்கியே இருக்க வேண்டும்.

கழற்றியதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும்தான். மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். வெள்ளைப் பொடியை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். போல்ட் உட்காரும் இடம் பளிச்சென்று இருக்கட்டும். ஸ்டார்ட்டருக்கு எர்த் அந்த வழியாகத்தான் வருகிறது.

எல்லாவற்றையும் இறுக்கி, ஸ்பேனர்களை எண்ணி வெளியே எடுத்த பிறகு, நெகட்டிவ் கேபிளைக் கடைசியாக மாட்டுங்கள்.