முனிவருக்குச் சிலை, பண்டாரத்துக்கு?

(நெய்வேலியில் வாசகர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, விருத்தாசலத்துக்கு அப்பால இருக்கிற கோணான்குப்பத்துக்கு, பெரியநாயகி மாதா தேர் பார்க்க நம்மில் பலர் போயிருப்பீங்க. அங்கே கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்து அம்மன் பேரும் பெரியநாயகிதான். ஆள் கெட்டிக்காரர்!

1680இல் இத்தாலியில் பிறந்தவர். தேம்பாவணி, சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம் என்று அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. நானும் கவிதை எழுதுகிறவன், மறுக்க மாட்டேன். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த பத்துச் சிலைகளில் பாதிரிமார் மூன்று பேர். போப்பும் கால்டுவெல்லும் சீர்திருத்த சபையார். கத்தோலிக்கர் இவர் ஒருவர்தான்.

அதே மதுரை மிஷனில் இவருக்கு முன்னால் வந்தவர்கள் என்ன ஆனார்கள்? 1606இல் வந்த தத்துவ போதகர் நொபிலி பூணூல் போட்டு, பிராமண சந்நியாசியாக இருந்தார். அந்த வேஷத்தோடு சேரிப்பக்கம் வரமுடியாது, வந்தால் மேல்சாதிக்காரன் ஒதுக்கிடுவான். அதனால்தான் 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி வேஷம் கட்டினார். பிராமணரல்லாத சாதிகளோடு பழகுவதற்கு அப்படித்தான் வழி திறந்தது. (திறந்ததும் அரைக்கதவுதான், அது வேற விஷயம்.) அந்த வழியில் வந்தவர்தான் அருளானந்தர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்டார், 1947இல் புனிதர் ஆனார். இன்னிக்கும் சனங்க ஓரியூர்ச் செம்மண்ணை முடிஞ்சு எடுத்துக்கிட்டு வர்றாங்க.

ஆக, முனிவரைப் புலவர்களும் அரசாங்கமும் தூக்கினார்கள். அருளானந்தரைச் சபையும் சனங்களும் தூக்கினார்கள். நொபிலிக்கு ஆராய்ச்சியாளர்கள். கோஸ்தாவைத் தூக்க யார் இருந்தா? அவர் பேர் தெரிஞ்சவங்க இங்கே கை தூக்குங்கன்னா எத்தனை கை எழும்பும்?

புகழுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு ஒன்று சொல்றேன். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கக்கூடாது என்று 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணை போட்டார். சேசுசபையார் எதிர்த்து ரோமுக்குப் போனார்கள். நாற்பது வருஷம் இழுத்தது. 1744இல் வந்த முடிவு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது! 1711இல் இங்கே வந்த வீரமாமுனிவர் இந்த வழக்கு நடந்த காலத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான் இருந்தார். நான் படித்த பாடப்புத்தகத்தில் தேம்பாவணி ஒரு முழுப்பாடம், வழக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது.

கோஸ்தாவுக்கும் ஒரு சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் வெள்ளைக்காரச் சாமிதான். அவருக்கு முன்னாடி நடந்து போய், சேரிச் சேரியாக ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள் நம்ம சனங்க. அவங்க பேர் எங்கே? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு, முதல் உபதேசியார் பேரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கிட்டு வாங்க. இதழில் போடுவோம்.