கண்டி மாநகரில் ஒரு கருணையாளர்



நாயுடுபேட்டையில் குடியேறி வாழும் நாம் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடும் இவ்விழாவில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இம்முறை கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் ஒருவரைப் பற்றிப் பேச விழைந்தோம். “தமிழ்ச் சங்கத்தில் இதற்கு இடமுண்டோ?” என நண்பர் சிலர் வினவினர். உண்டு என்பதே நம் விடை. அவர் தமிழ் பயின்றவர், தமிழரிடையே வாழ்ந்தவர், நம்மைப் போலவே பிறமொழி வழங்கும் நாட்டில் குடிபுகுந்தவர்.

நம் குடியிருப்பின் இல்லங்கள் சிலவற்றில், நெஞ்சினின்று செந்நிறமும் வெண்ணிறமுமாக இரு கதிர்கள் வீசும் இயேசு பெருமானின் படத்தைக் காண்கின்றோம். இறை இரக்கப் பக்தியைப் பரப்பியவர் போலந்து நாட்டுத் துறவி பவுஸ்தீனா அம்மையார் (1905–1938). செயலால், சொல்லால், வேண்டுதலால் இரக்கம் காட்ட வேண்டும் என்பது அவர் குறிப்பேட்டில் காணும் கருத்து. செயலே முதலில் நிற்பதை நோக்குக. அச்செயலை அம்மையாருக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முற்பட, நமக்கு அணித்தான இலங்கையில் செய்து காட்டியவர் யோசேவ் வாஸ் அடிகளார்.

அடிகளார் கோவா நாட்டுப் பெனவுலிம் என்னும் ஊரில் 1651 ஏப்ரல் 21இல் பிறந்தார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. அவர்கள் கத்தோலிக்க நெறியைத் தடுத்தனர். குருமார் எவரும் அங்கு இலர். இதனைக் கேள்வியுற்ற அடிகளார், கூலியாள் கோலம் பூண்டு, தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சேர்ந்ததும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வீழ்த்தியது. நோய் தெளிந்தபின் கழுத்தில் செபமாலை அணிந்து வாயில்தோறும் இரந்து நின்றார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் எவரெவர் என உற்று நோக்கி, தம் மந்தையை அடையாளம் கண்டுகொண்டார். சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்குப் புகலிடம் ஆயிற்று. தாய்மொழி கொங்கணியாயினும் அவர் தமிழ் கற்றார். பின்னர்ச் சிங்களமும் கற்றார்.

1692இல் கண்டி சென்றவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் கருதிச் சிறையிட்டனர். பின்னர் நாடு வறண்டபோது அவர் வேண்டுதலால் மழை பொழிந்தது என்பர். நம்புவதும் நம்பாததும் அவரவர் உளத்தைப் பொறுத்தது. பௌத்தராகிய அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்கு ஆதரவளித்தார் என்பது மட்டும் உறுதி.

நமக்கு மழையினும் பெரிய அற்புதமாகத் தோன்றுவது 1697இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவிற்று. அரசர் நகரை விட்டு அகன்றார், வசதியுடையோரும் அகன்றனர். நோயுற்றோரை அவர்தம் உற்றாரே கைவிட்டனர். காட்டில் விடப்பட்டோரும் உளர். அடிகளாரோ ஓடவில்லை. தம் உறவினராகிய கார்வாலோ என்னும் குருவுடன் நோயாளிகளைத் தேடிச் சென்று, தங்க இடமளித்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தர், கிறித்தவர் என அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எந்நகரில் ஒற்றர் எனச் சிறையிருந்தாரோ, அந்நகரிலேயே இத்தொண்டு நிகழ்ந்தது!

நமக்கு அண்மையிலுள்ள காளத்தியில், இறைவன் கண்ணிற் குருதி கண்டு பொறாது தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய திண்ணனாரை நாம் போற்றுகின்றோம். மனிதன் உடலிற் கொப்புளம் கண்டு பொறாதவர் இவர்.

அடிகளார் 1711 சனவரி 16இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். போப் பிரான்சிஸ் அவர்கள் 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். விழாவின் சிறப்புகளை விரிப்பின் பெருகும்; விடுக்கின்றோம்.

இனிக் கூறப்போவது நமக்குச் சிறிது கசக்கும். 2020ஆம் ஆண்டை நினைவிற் கொள்வீர்களாக. பயணிகள் வண்டிகள் நின்றுபோயின. நிலைய மேடையில் நாய்கள் உறங்கின. அந்நாட்களில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று கொரோனா நோயால் வீழ்ந்தது. வீட்டின் முன் மூங்கில் தட்டி கட்டினர். உள்ளே நுழையலாகாது என்பது விதி. வாயில் வரை செல்வதை எவரும் தடுக்கவில்லை. நாம் என் செய்தோம்? சன்னல்களைச் சார்த்திக்கொண்டோம். அவ்வீட்டுக் குழந்தை இரவில் அழுதது நம் செவியில் விழவே செய்தது. காலையில், “பாவம்” என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கூறிக்கொண்டோம். விழாவுக்கு நன்கொடை திரட்ட அவ்வீட்டுக் கதவை ஆண்டுதோறும் தட்டியவர்களும் நாமே.

அவர்கள் நோய் தீரும்வரை, நாள்தோறும் பாலும் கஞ்சியும் தட்டியோரம் வைத்து, குரல் கொடுத்துவிட்டுச் சென்றவர் அடுத்த தெருவில் வாழும் தெலுங்கு மூதாட்டியார் ஒருவர். அவர் அடிகளார் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். நம் மொழியும் அவர் அறியார். நாமோ ஆண்டுகள் பல ஈண்டு வாழ்ந்தும், அவர் மொழியைக் கடைவீதிக்குப் போதுமான அளவே கற்றுள்ளோம்.

அம்மூதாட்டியாரை இன்று அழைத்திருக்கின்றோம். முன்வரிசையில், குழந்தைகளின் நடுவே அமர்ந்திருக்கின்றார். இதுவரை நாம் பேசியதில் ஒன்றும் அவருக்கு விளங்கியிராது. ஆதலின், தமிழ்ச் சங்க மேடையேயாயினும், எஞ்சிய இரண்டு நிமிடங்கள் தெலுங்கில் பேசத் தலைவர் அவர்கள் இசைவளிக்க வேண்டுகின்றோம். பிழை மலிந்த தெலுங்குதான், அம்மையார் பொறுத்தருள்வாராக.