எந்தக் கூட்டத்துக்குப் போவது?



குடியை விடப் போறேன் என்கிறவர் அடுத்து நம்மிடம் கேட்பது, "எந்தக் கூட்டத்துக்குப் போறது?" என்றுதான்.

ஏ.ஏ. எனப்படும் கூட்டம் 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. காசு கேட்க மாட்டார்கள். முழுப் பேரும் சொல்லத் தேவையில்லை. விட வேணும் என்ற ஆசை போதும்.

மனைவியையும் கூட்டிப் போவதென்றால் அது திறந்த கூட்டமா என்று முதலில் விசாரியுங்கள். மூடிய கூட்டத்தில் குடியால் அவதிப்படுகிறவர் மட்டுமே இருக்கலாம். பாஷையையும் பாருங்கள். விளங்காத பாஷையில் தலையாட்டிவிட்டு வந்தால் மனப்பாரம் இறங்குமா? லயத்துச் சனம் பார்த்துவிடுமே என்று கூசுகிறவர் அடுத்த டவுனுக்குப் போகலாம். கடைசி பஸ்ஸை மட்டும் கேட்டு வையுங்கள். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்று. அதற்காகச் சம்பள நாளில் கசிப்புக்காரன் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டாம்.

ஒன்று கவனம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் காட்டுங்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லையா? இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே குழு என்பது ஏ.ஏ. வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா சும்மாதானே கிடக்கிறது. சாவியை நாங்கள் துரையிடம் கேட்கிறோம்.