நாடகப் பிரதிக்கும் கவ்வாத்து வேண்டும்



ஒரு நாடகம் நன்றாக அமைந்துவிட்டால் நடித்தவரைப் புகழ்கிறோம், எழுதியவரைப் பாராட்டுகிறோம். இவ்விருவருக்கும் நடுவே பென்சிலும் கையுமாக ஒருவர் உட்கார்ந்து உழைத்திருப்பார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்தாம் பிரதியைத் திருத்துபவர். மேடைக்கும் வானொலிக்கும் திரைக்கும் எழுதப்படும் பிரதிகளைச் செப்பனிடும் அந்தக் கலையைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

கவ்வாத்து என்றால் என்னவென்று தேயிலைத் தோட்டத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. வெட்டாமல் விட்டால் செடி மரமாக ஓங்கிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. கண்டபடி வெட்டினாலோ செடி பட்டுப்போகும். எந்தக் கிளையை விடுவது, எந்தக் கிளையை வெட்டுவது என்று தெரிந்த கைதான் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க வேண்டும். பிரதியைத் திருத்துவதும் அத்தகைய வேலையே.

தமிழ் நாடகத்தில் ஒரு காலத்தில் பாட்டுக்குத்தான் எழுத்து வடிவம் இருந்தது. உரையாடலின் பெரும்பகுதியை நடிகர்கள் மேடையிலேயே தங்கள் சாமர்த்தியத்தால் பேசிக்கொண்டார்கள். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு அது பொருந்தியது. 1891 ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் கூடிய அந்தச் சபையில் உரைநடையில் எழுதிய நாடகத்தை மனப்பாடம் செய்து, ஒத்திகை பார்த்து நடித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் பாலர் சபை ஒன்றை அமைத்துச் சிறுவர்களைப் பழக்கினார். பேச்சு தாளில் ஏறிய பிறகுதான் அதைத் திருத்தவும் வழி பிறந்தது.

சம்பந்த முதலியாரின் 'மனோகரா' பல ஆண்டுகள் மேடையில் வெற்றி பெற்ற நாடகம். அதே கதை 1954 இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த படமாக வந்தபோது, மு. கருணாநிதி வசனத்தைப் புதிதாக எழுதினார். கதை பழையது, மக்களின் செவியோ மாறிவிட்டது. இன்னொன்று, 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த நாடகம் 1957 இல் சேலத்தில் அரங்கேறியது. 1959 இல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக்கினார். மேடையில் குதிரைப்படையை ஓடவிட முடியாது. போரை வாயால்தான் சொல்ல வேண்டும். திரையில் போரையே காட்டலாம். ஆனால் கட்டபொம்மனும் ஜாக்சனும் நேருக்கு நேர் மோதும் சொற்போரைத் திரையிலும் விடவில்லை. ஏனெனில் மக்கள் காத்திருந்ததே அந்தப் பேச்சுக்குத்தான். எதை வெட்டுவது என்பதைவிட எதை வெட்டக்கூடாது என்று தெரிவதே முதல் திறமை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. தகப்பனார் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிராணியிடம் கொடுக்கிறார். இதை ஒருவர் நாடகமாக எழுதும்போது, தகப்பனாருக்கு ஒரு பக்கம் வசனம் எழுதிவிடுகிறார்: பாட்டனார் கப்பலேறி வந்தது, மழையில் நனைந்தது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் அதில் வருகின்றன.

மேடையென்றால் அதில் நான்கு வரி போதும். கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் அவை கேட்க வேண்டும். திரையென்றால் பேச்சே தேவையில்லை. சாவியை விடாமல் பற்றியிருக்கும் விரல்களை அருகில் காட்டினால் போதும். வானொலியிலோ விரலைக் காட்ட முடியாது. பூட்டு விழும் ஓசை கேட்க வேண்டும்; பிறகு சற்று அமைதி; பிறகு, "இந்தாங்க ஐயா, சாவி" என்ற ஒரு சொல். நிகழ்ச்சி ஒன்றுதான், கண்ணுக்கு ஒரு பிரதி, காதுக்கு ஒரு பிரதி.

இனி, திருத்தும் முறையைச் சொல்கிறேன். பிரதியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை கையில் பென்சில் வேண்டாம். கதை கேட்பவர்போலப் படியுங்கள். எங்கே சலிப்புத் தட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம் முறை வாய்விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தைப் பள்ளிப் பிள்ளை பேச முடியாது. அதை இரண்டாக உடையுங்கள். பள்ளி விழாவில் பத்து நிமிடம் கொடுத்தால், கைதட்டலும் திரை விழும் நேரமும் அதில் அடக்கம். மூன்றாம் முறை கணக்குப் பாருங்கள்: முதல் காட்சியில் அண்ணியாக வந்தவர் மூன்றாம் காட்சியில் அக்காவாகிவிட்டாரா? காலையில் பெரட்டுக்குப் போனவர் அதே காலையில் பட்டணத்திலும் நிற்கிறாரா? ஒரே செய்தியை இரண்டு பேர் சொல்கிறார்களா?

அடுத்தது, பேச்சு மொழி. பாட்டி பேசுவதை இலக்கணத் தமிழாக மாற்றினால் பாட்டி போய்விடுவார்; புத்தகம்தான் பேசும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் 2015 இல் வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றின் சிறுவனைப் பற்றிய கதை அது. அதில் வருபவர்கள் நம் நாட்டில் நாம் பேசும் தமிழையே பேசினார்கள். அந்தப் படம் 2016 இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. நம் பேச்சு மேடைக்கும் திரைக்கும் தகாது என்று நாமே நினைத்து வெட்டினால், நம் வாழ்க்கையையும் சேர்த்து வெட்டுகிறோம். பிற இனத்தாரையோ மதத்தாரையோ உடற்குறை உடையவரையோ புண்படுத்தும் கேலியை மட்டும் தயங்காமல் நீக்குங்கள். சிரிப்பு வேறு, இழிவு வேறு.

கடைசியாக, மிக முக்கியமானது. பிரதி எழுதியவருக்கே சொந்தம். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இரவில் உட்கார்ந்து ஓர் இளம்பெண் தன் முதல் நாடகத்தை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிவப்பு மையால் கீறித் திருப்பிக் கொடுத்தால் அவள் இரண்டாவது நாடகத்தை எழுதவே மாட்டாள். ஆகவே, பென்சிலால் குறியுங்கள். ஏன் என்று ஓரத்தில் எழுதுங்கள். "இந்த இடத்தில் என்ன சொல்ல நினைத்தாயம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் சரியான வசனம் பெரும்பாலும் இருக்கும். உங்கள் சொல்லைத் திணிப்பதைவிட அவள் சொல்லை வெளிக்கொணர்வதே திருத்துபவரின் வேலை.

பெற்றோர்களே, வானொலி, தொலைக்காட்சி, படத்தயாரிப்பு எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை தேவை. தமிழை நன்கு படித்து, காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பிழைப்புக்கும் உதவும். பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தா பாட்டி சொல்லும் பழைய தோட்டத்துச் சம்பவம் ஒன்றைப் பிள்ளைகள் பத்து நிமிட நாடகமாக எழுதட்டும். ஒரு வாரம் அதை எடுத்து வையுங்கள். பிறகு சாரம் குறையாமல் அதை ஐந்து நிமிடமாகச் சுருக்கச் சொல்லுங்கள். சுருக்கியதைப் பாட்டியிடமே வாசித்துக் காட்டட்டும். "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று அவர் சொன்னால், உங்கள் பிள்ளை திருத்தத் தெரிந்துகொண்டது என்று பொருள்.