நிழல் அளந்த நண்பன்

(சென்ற மாதம் டில்லியில் உறுப்பினர்கள் கூடிய நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் ஃபைலில் நோட் எழுதியே காலம் தள்ளியவன். அதனால் எழுதிக் கொண்டு வந்ததையே படிக்கிறேன். ஹைதராபாத்திலிருந்து ரயிலில் வரும்போது இரண்டு முறை திருத்தினேன். இன்னும் சரியாக வந்ததாகத் தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் காலமான நம் நண்பனை இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் அவனை ஆபீஸ் பெயரால் அழைத்ததே இல்லை. வீட்டில் அம்பி, தெருவில் அம்பி, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் வேறு பெயர். அந்த நாளில் சரோஜினி நகரில் வீட்டுக்கு ஒரு அம்பி உண்டு. நான் சொல்லும் அம்பி ஒருவன்தான்.

எங்கள் இருவருக்கும் 1949இல் பிறப்பு. இரண்டு அப்பாக்களும் மத்திய அரசாங்க குமாஸ்தாக்கள். அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ், பொதுவான மொட்டை மாடி. காலையில் பால் டெப்போவில் டோக்கனும் காலி பாட்டிலுமாக க்யூவில் நிற்பது, மத்தியானம் தமிழர்கள் நடத்திய பள்ளிக்கூடம், கோடையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி பிரயாணம் செய்து ஊருக்குப் போவது. இவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். ஆகவே தாண்டிப் போகிறேன்.

1964இல் அம்பியின் தாத்தா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டில்லிக்கு வந்து சேர்ந்தார். பாட்டி போனபின் தனியாக இருக்க முடியவில்லை. குளிர் ஆரம்பிக்கும் சமயம். ஒரு நாள் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர் கேட்டார்:

"ஏண்டா அம்பி, ரேடியோவிலே பன்னெண்டு அடிச்சாச்சு, மாத்யாஹ்னிகம் பண்ணலாங்கறா உங்கப்பா. நிழல் இன்னும் உச்சிக்கு வரலியே? ஊர்லே நான் நிழலைப் பார்த்துத்தான் பண்ணுவேன். இந்த ஊர்ச் சூரியன் என்ன, ஆபீஸுக்கு லேட்டா வரானா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்பி சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரின் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரு மூன்றடிக் கம்பு நின்றது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கிச் செங்குத்து பார்த்திருந்தான். கம்பைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டங்கள். முற்பகலில் நிழல் நுனி ஒரு வட்டத்தைத் தொடும் நேரம், பிற்பகலில் அதே வட்டத்தை மறுபடி தொடும் நேரம், இரண்டையும் குறித்துப் பாதியாக்கினால் உச்சிப் பொழுது. சங்கு நட்டு வட்டம் போட்டு திக்கு கண்டுபிடிக்கும் இந்த முறை சூரிய சித்தாந்தத்தில் இருக்கிறது என்று தாத்தாதான் சொல்லிக்கொடுத்தார். அவர் காலேஜுக்குப் போனவரல்ல. அப்பாவின் கைக்கடிகாரத்தை ரேடியோவின் 'பீப்' சத்தத்தோடு ஒத்துப்பார்த்து அம்பி சரி செய்துகொள்வான்.

முதல் ஞாயிறு வந்த விடை 12 மணி 5 நிமிடம். தாத்தா பார்த்தது சரிதான். ஆனால் வாரம் ஆக ஆக உச்சிப் பொழுது தள்ளிக்கொண்டே போயிற்று. பொங்கல் சமயத்தில் 12.30. பிப்ரவரி நடுவில் 12.35. அப்புறம் திரும்பி வர ஆரம்பித்தது. ஏப்ரல் நடுவில் 12.21, மே மாதத்தில் 12.18, ஜூலைக் கடைசியில் மறுபடி 12.27.

இதன் காரணம் இங்கே இருக்கும் சிறுவர்களுக்காக ஒரு நிமிஷம். நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. டில்லி அதற்கு மேற்கே சுமார் 5.3 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிஷம். எனவே சராசரியாக இங்கே 21 நிமிஷம் தாமதமாகத்தான் சூரியன் உச்சிக்கு வரும். கும்பகோணத்திலும் சுமார் 12 நிமிஷத் தாமதம் உண்டு. தாத்தா கடிகாரம் பார்க்காததால் அவருக்கு அது தெரியவில்லை. இது ஒன்று. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், ஜனவரியில் சற்று வேகமாக ஓடுகிறது. பூமியின் அச்சும் 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து நிழல்கடிகாரத்தை நம் கடிகாரத்தைவிட நவம்பர் ஆரம்பத்தில் 16 நிமிஷம் முன்னே தள்ளும், பிப்ரவரியில் 14 நிமிஷம் பின்னே இழுக்கும். புத்தகத்தில் இதைப் படித்தவர்கள் ஏராளம். பதினைந்து வயதில், ஒரு கம்பையும் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் முதலில் கண்ணால் பார்த்தவன் அம்பி.

ஜந்தர் மந்தருக்கு சைக்கிளில் போவோம். ராஜா ஜெய்சிங் 1724இல் கட்டிய சாம்ராட் யந்திரம் சுமார் 70 அடி உயரம். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பு மூணடி. அதனாலேதான் அரை நிமிஷம் தப்பு வரது" என்று வருத்தப்படுவான்! மார்கழியில் அந்தக் கம்பின் உச்சி நிழல் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆனியில் மூன்றங்குலம். அத்தனையும் ஒரு நீல அட்டை நோட்டில். ஆடி ஆவணியில் எட்டு ஞாயிறுகளுக்கு எதிரே எண் கிடையாது. 'மேகம்' என்று மட்டும் எழுதியிருப்பான். "முன்னே பின்னே இருக்கறதை வச்சு நடுவிலே போட்டுக்கலாமேடா" என்று ஒரு முறை நான் சொன்னேன். "பாக்காததை எப்படிடா எழுதறது?" என்றான்.

அப்போது பள்ளி மாணவர்களுக்கு விஞ்ஞானத் திறன் தேர்வு ஒன்று புதிதாக வந்திருந்தது. 1963இல் டில்லிக்கு மட்டும் பத்து உதவித்தொகைகளோடு ஆரம்பித்து அடுத்த வருஷம் நாடு முழுக்கப் பரவிற்று. பின்னாளில் நேஷனல் டேலண்ட் ஸர்ச் என்று உங்கள் பிள்ளைகள் எழுதினார்களே, அதன் முதல் உருவம். எழுத்துத் தேர்வோடு மாணவன் தானே செய்த ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி அறிக்கையும் தரவேண்டும். அம்பிக்காகவே ஏற்படுத்திய மாதிரி இருந்தது. பௌதிக வாத்தியாரும் அப்படித்தான் சொன்னார்.

1965 செப்டம்பர். பாகிஸ்தானோடு யுத்தம். காலனியில் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள், ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். உச்சி வெயிலில் மாடியில் கம்பு வைத்து ஒரு பையன் என்ன செய்கிறான் என்று ஒரு வார்டன் வந்து விசாரித்துவிட்டுப் போனார். தாத்தா அவருக்குத் தமிழில் பதில் சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டார்.

அந்த இருட்டடிப்பு ராத்திரிகளில் ஒன்றில்தான் அம்பியின் அப்பா போனார். நெஞ்சு வலி. வயது 46. அவர் தலைமாட்டில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று என் அம்மா ஒரு தகர டப்பாவை வெட்டி மறைப்பு வைத்தாள். தாத்தா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

காரியங்கள் முடிந்தபின் அம்பி அந்த நோட்டை என்னிடம் கொண்டு வந்தான்.

"நீ எழுது. ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஸயன்ஸ் காலேஜுக்குத்தான் போகணும். நான் எங்கே போகப்போறேன்? குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். இது வீணாப் போகவேண்டாம்."

எழுதினேன். துக்கத்து வாரங்களிலும் அக்டோபரிலும் நானே மாடியேறி அளந்தேன். மொத்தம் ஐந்து ஞாயிறு. மீதியெல்லாம் அவனுடையது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு நான் போகவே இல்லை. வானம் மூடியிருந்தது. முன்னும் பின்னும் பார்த்து 12 மணி 15 நிமிடம் என்று போட்டேன். கணக்கு என்னவோ சரியான கணக்குத்தான்.

அறிக்கையின் முன்பக்கத்தில் பௌதிக வாத்தியாருக்கு நன்றி சொன்னேன். காகிதம் வாங்கித் தந்த என் அப்பாவுக்கும் நன்றி சொன்னேன். அம்பியின் பெயர் இல்லை. சொந்த வேலையாக இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. அதைச் சொல்லித்தான் அன்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்: இந்த அளவுகளெல்லாம் நீயே எடுத்ததா? ஆமாம் சார் என்றேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

உதவித்தொகை கிடைத்தது. பள்ளியில் என் அறிக்கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அம்பி அதன் முன்னால் நின்று பக்கங்களைப் பார்த்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். வெளியே வந்து, "கிராஃப் நன்னா வந்திருக்குடா" என்றான். அவ்வளவுதான்.

அவர்கள் கரோல்பாக்கில் ஒரு பர்சாத்திக்குக் குடிபோனார்கள். அம்பி டைப்ரைட்டிங் படித்தான், சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தான், பதினெட்டு வயதானதும் எல்.டி.சி.யாகச் சேர்ந்தான். மாலைக் கல்லூரியில் பி.ஏ. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், அப்புறம்தான் தனக்கு. அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றான். அவன் டிராஃப்டில் பேனா வைக்க இடம் இருக்காது என்று அவன் மேலதிகாரியே என்னிடம் சொல்லியிருக்கிறார். நானோ, பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, விஞ்ஞானத்தை அதோடு விட்டுவிட்டுப் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்கு வந்தவன். நாட்டுக்கு ஒரு விஞ்ஞானி வேண்டுமென்று கொடுத்த பணம். அவனுக்குப் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆகாமலும் இருந்திருக்கலாம்.

1988இல் என் அப்பா தவறினார். பத்தாம் நாள் யமுனைக் கரை, நிகம்போத் காட். அம்பி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பத்து நாளும் கூடவே இருந்தான். தூறல் போட்டது. குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே சொன்னான்:

"எங்கப்பா பத்தாம் நாளும் இப்படித்தான். கார்த்தாலேருந்து சாயங்காலம் வரைக்கும் சூரியனையே பாக்கலை."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றான்.

வாத்தியார் அடுத்த மந்திரத்துக்குக் கூப்பிட்டார். போனேன். பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இருபத்து மூன்று வருஷமாக அவனுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை பேச வாயெடுத்தேன். ராமகிருஷ்ணபுரம் மலைமந்திரில் கிருத்திகைக்குப் பார்ப்போம், அவன் வீட்டில் அடை சாப்பிடுவோம், நான் மாற்றலாகிப் போன ஊர்களிலிருந்து கடிதம் போடுவேன். வாய் வரவில்லை. அவனும் அதைத் திரும்பத் தொடவில்லை.

2012 என்று நினைக்கிறேன், போன் செய்தான். பேரனுக்குப் பள்ளியில் ப்ராஜெக்டாம். "அந்த நீல நோட்டு உன்கிட்டே இருக்கோ?" என்றான். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவேண்டிய அவசியமே இல்லை, பீரோவில் கீழ்த்தட்டில் இருந்தது. என் கையெழுத்தில் அந்த ஒரு எண்ணை அவன் பார்ப்பானே என்ற எண்ணத்தில் அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து, கிடைக்கவில்லை என்றேன். "போனாப் போறது, புதுசா அளந்துக்கறோம்" என்றான். தாத்தாவும் பேரனுமாகத் துவாரகா ஃபிளாட் மாடியில் கம்பு நட்டார்களாம். உச்சிப் பொழுது அதே நிமிஷத்தில்தான் வருகிறது என்று போனில் சிரித்தான்.

அவன் போன செய்தி வந்த அன்று நோட்டை எடுத்தேன். அவன் தமிழ் எண்ணைப் போல் வளைத்து எழுதும் 5, ஓரத்தில் தாத்தா மாத்யாஹ்னிகம் முடித்த நேரம், எட்டு 'மேகம்'. இந்த மேடையில் அவனைப் பற்றி நல்லது சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். இதைச் சொல்ல நான் ஒருவன்தான் உண்டு. ஆகவே சொன்னேன். அந்த உதவித்தொகை அவனுடையது. அவன் பேரன் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், இப்போது எஞ்சினியர். அவனிடம் நோட்டைக் கொடுக்கத்தான் வந்தேன்.

1965 செப்டம்பர் பக்கத்தில் 12-15 என்றிருந்ததை அடித்து ஒன்பதாவது 'மேகம்' எழுதியிருக்கிறேன். இன்றைய தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், அது ஆபீஸ் பழக்கம். நோட்டு மேஜை மேல் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாகப் புரட்டுங்கள்.