பேராதனைக்குப் போய் வந்தோம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சென்ற விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழிகள் ஐவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். ஐவரும் பட்டதாரிகள், ஒருவரும் அங்கே படித்தவரல்லர். நாங்கள் உயர்தரம் எழுதிய 1999இல் ஏ9 பாதை பூட்டியிருந்தது. திருகோணமலைக்குக் கப்பல், அதற்கும் ‘பாஸ்’. விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்தை முதலில் எழுத வேறு காரணம் தேவைப்படவில்லை.

கலகா வீதி வளாகத்தின் நடுவால் போகிறது. தோட்டங்களுக்குப் போகும் பஸ்ஸும் அதே வழிதான். கொழுந்தெடுக்கும் தாயொருத்தி யன்னலோரத்திலிருந்தே செனற் கட்டடத்தைப் பார்க்கலாம். இது எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஹந்தானைச் சரிவிலிருந்து மகாவலிக்கரைவரை ஏறத்தாழ 700 ஹெக்டேயர். (கூட வந்த மருத்துவர்கள் இருவரின் முழங்கால்கள்தான் முதலில் முறையிட்டன.) இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் சங்கம் அமைத்தார். அது 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் இங்கே இடம்பெயர்ந்தது. அவர் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது.

குறிஞ்சிக் குமரன் கோயிலடியில் தமிழ் மாணவிகள் சிலரைச் சந்தித்தோம். மன்னார், ஹட்டன், வவுனியா. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியும் நின்றாள். “பதிவுக்கு வந்த அண்டைக்குத்தான் கம்பஸை முதன்முதல் கண்டனான் அன்ரி. அதுக்கு முதல் மலையே கண்டதில்லை” என்றாள். அம்மா ஒரு கிழமை அழுதாவாம். இப்போது விடுமுறை முடிய முதலே “எப்ப போறாய்?” என்று கேட்கிறாவாம்.

எங்கள் கிளினிக்குகளில் தாய்மார் கேட்பதும் இதுதான்: “டொக்டர், பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விடேலுமே?” பகிடிவதை பற்றிய பயமும் உண்டு, அது பொய்ப் பயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் கண்ணால் காணாத இடங்களை விருப்ப ஒழுங்கில் எழுதச் சொன்னால், பிள்ளை வீட்டுக்குக் கிட்டியதைத்தானே முதலில் எழுதும்? இன்று பாதை திறந்திருக்கிறது. ஆனாலும் எங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

ஆகவே சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். நூற்றாண்டு வளைவு பிறகு கட்டலாம். வருடம் ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் பேராதனைக்குக் கூட்டிப் போவோம். ஆசனங்களில் பாதி தாய்மாருக்கு. விடுதியையும் சமையலறையையும் அவர்களே பார்க்கட்டும். கேட்க வேண்டியதை அங்குள்ள பிள்ளைகளிடமே கேட்கட்டும். முதல் வருடத்து பஸ் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. இரண்டாம் வருடத்துக்குப் பெயர் கொடுக்கும் வகுப்பினருக்காகப் பின்வரிசை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.